டிடெக்டரை டிக்கியில் வைத்துவிட்டு: சஃபோக் பயணக் குறிப்புகள்

ஞாயிறு இரவு, டிஸ்

இந்த வாரம் முழுக்க நான் செய்யப்போவது கதவைத் தட்டுவது மட்டும்தான். மெட்டல் டிடெக்டர் கூடவே வருகிறது, ஆனால் அது அண்ணனுடைய கார் டிக்கியில் போர்வைக்கு அடியில் கிடக்கும். இங்கிலாந்தில் ஒரு வயலில் இறங்கிப் பழைய காசோ பொத்தானோ தேட வேண்டுமென்றால், அந்த வயல் யாருடையது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் அவரைப் பார்த்துப் பேச வேண்டும், அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கருவியைக் கையில் எடுக்கலாம். இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னதும் நண்பர்கள் பலர் கேட்டது ஒரே கேள்வி: வயலுக்குள்ளே பொது நடைபாதை போகிறதே, அதன் ஓரமாகத் தேடினால் என்ன? கூடாது. அந்தப் பாதை நடந்துபோக மட்டும்தான் உரிமை தருகிறது. மண்ணுக்குள் இருப்பது நிலத்துக்காரருடையது. கேட்காமல் தோண்டி எடுத்துப் பையில் போட்டால் அது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி திருட்டு, பொருள் ஒரு பென்னி பெறாவிட்டாலும் சரி.

நான் கரூர்க்காரன். அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசும் சேரர் காசும் கிடைத்த ஊரில் வளர்ந்தவனுக்கு மண்ணைப் பார்த்தால் கை பரபரக்கும், அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூட வரும் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், இப்ஸ்விச்சில் குடியேறிப் பல வருடங்களாகிறது. இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு ரொம்ப மூத்தவர். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து டிஸ் வரை ஒன்றரை மணி நேர ரயில், ஸ்டேஷனில் வந்து ஏற்றிக்கொண்டார். டிஸ் நார்ஃபோக்கில் இருக்கிறது, வேவனி ஆற்றைத் தாண்டினால் சஃபோக், இரண்டும் கிழக்கு இங்கிலாந்து மாவட்டங்கள்.

கோதுமையும் பார்லியும் அறுத்தாயிற்று. அடுத்த கோதுமை விதைப்பு செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை போகும். இடையில் வெறும் தாள் நிற்கிற இந்தச் சில வாரங்களில்தான் யாருடைய பயிரையும் மிதிக்காமல் நடக்க முடியும். அதனால்தான் செப்டம்பரில் வந்தோம்.

கிளம்புமுன் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலையும் நிறைய. ஸ்காட்லாந்து தேசிய நூலகம், பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. இன்று ஒரே பெரிய வயலாகத் தெரியும் இடத்தில் நூறு வருடத்துக்கு முன் நாலைந்து சிறு வயல்களும் நடுவில் ஒரு பாதையும் இருந்தது அதில் தெரியும். அடுத்து, தொல்லியல் சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியல். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம் என்று அதில் குறித்த நிலத்தில் டிடெக்டரைப் பயன்படுத்துவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், நிலத்துக்காரர் கூப்பிட்டு உட்கார வைத்துத் தோண்டச் சொன்னாலும் குற்றம்தான், ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் எழுத்து அனுமதி தனியாக வேண்டும். இதைப் பார்க்காமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது, ஏனென்றால் தன் நிலத்தில் அப்படி ஒரு திட்டு இருப்பது சில விவசாயிகளுக்கே ஞாபகம் இருக்காது.

யாருடைய நிலம் என்பதற்கு, நம்மூரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல இங்கே லேண்ட் ரிஜிஸ்ட்ரி. ஒரு பதிவுப் பிரதிக்கு 7 பவுண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கைமாறாத பண்ணை நிலம் சில சமயம் பதிவாகியே இருக்காது. அப்போது பக்கத்துப் பண்ணையில் கேட்பதுதான் வழி, அப்படிக் கேட்பதே அறிமுகமாகவும் ஆகிவிடுகிறது.

திங்கள், ஹாக்ஸன்

காலையில் முதலில் ஹாக்ஸன். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற யாரும் இந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் ஒரு நிமிடம் நிற்பார்கள். 1992 நவம்பர் 16ஆம் தேதி, பீட்டர் வாட்லிங் என்ற விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டு, எரிக் லாஸ் என்ற நண்பரை டிடெக்டரோடு வந்து தேடித் தரச் சொன்னார். சுத்தியலைத் தேடப் போன இடத்தில் ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்துப் புதையல் கிடைத்தது. ஏறக்குறைய 15,000 தங்க, வெள்ளி, வெண்கல நாணயங்கள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள். லாஸ் கொஞ்சம் எடுத்ததும் கையை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து, பெட்டி இருந்த இருப்பிலேயே, எது எதற்குள் இருந்தது என்பது கலையாமல் எடுக்க முடிந்தது.

எனக்கு அந்தப் புதையலில் மிகவும் பிடித்தது மிளகுச் சிமிழ்கள். நான்கு வெள்ளிச் சிமிழ்கள், ஒன்று அலங்காரம் செய்த ஒரு சீமாட்டியின் வடிவம், உள்ளே மிளகுத்தூள் விழ வைக்கும் திருகு. அந்த மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போனது. முசிறியில் ஏறிய சரக்கைத் தூவுவதற்குச் செய்த வெள்ளிச் சாமான் சஃபோக் களிமண்ணில் பதினாறு நூற்றாண்டு கிடந்திருக்கிறது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, அந்தச் சுத்தியலும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இன்று நான் யோசித்தது வேறு. அந்தப் புதையலுக்கு 17.5 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். அன்றைய சட்டப்படி பரிசு கண்டெடுத்தவருக்கு மட்டும்தான், நிலத்துப் பக்கம் ஒரு பென்னி தர வேண்டியதில்லை. லாஸ் தானாகவே வாட்லிங்குக்குப் பங்கு கொடுத்தார். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வந்த பிறகுதான் நிலத்துக்காரருக்கும் பரிசில் முறையான இடம் கிடைத்தது. சட்டம் வருமுன்பே ஒரு மனிதர் அப்படி நடந்துகொண்டார் என்பதால் இந்த ஊருக்கு முதலில் வர வேண்டும் என்று நினைத்தேன்.

ஊருக்குள் கோல்ட்புரூக் பாலம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தை ஆண்ட எட்மண்ட் அரசர், டேனியப் படைக்குத் தப்பி அதன் கீழே ஒளிந்திருந்தபோது அவருடைய தங்கக் குதிமுள் தண்ணீரில் மின்னியதைப் புதுமணத் தம்பதி ஒருவர் பார்த்துக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள், அதனால் கல்யாண ஜோடிகள் அந்தப் பாலத்தைத் தாண்டக் கூடாது என்று சாபம் இட்டார், இப்படிக் கதை. கீழே ஓடுவது சின்ன ஓடைதான். பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம்.

அண்ணனிடம் இதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். ராணுவப் பச்சை உடுப்பு போடக் கூடாது, சாதாரண சட்டை, சுத்தமான பூட்ஸ். வண்டியை வாசலை மறித்து நிறுத்தக் கூடாது, டிராக்டர் எப்போது வேண்டுமானாலும் வரும். பண்ணை வீடுகளில் முன் கதவை யாரும் திறப்பதே இல்லை, எல்லாப் போக்குவரத்தும் பின்பக்க முற்றத்து வழியாகத்தான், அதனால் பின்பக்கம் போக வேண்டும். நாய் வந்தால் ஆள் வரும்வரை காரிலேயே இருக்க வேண்டும். தட்டிவிட்டு இரண்டடி பின்னால் நிற்க வேண்டும். "தம்பி, அவை கதவைத் திறக்கேக்க நீங்கள் முகத்துக்கு நேர நிண்டா பயந்திடுவினம். தள்ளி நிண்டு, முதல்ல பேரைச் சொல்லுங்கோ, எங்க இருந்து வாறம் எண்டு சொல்லுங்கோ, பிறகு கதையுங்கோ." இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எங்களைப் போன்ற ஆட்கள் பண்ணை முற்றத்தில் வந்து நிற்பது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. அது எங்களுக்கும் தெரியும், கதவைத் திறக்கிறவருக்கும் தெரியும். பெயரையும் ஊரையும் முதலில் சொல்லிவிட்டால் அந்த இறுக்கம் தளர்கிறது.

முதல் பண்ணையில் நடுவயதுக்காரர் ஒருவர், நின்ற நிலையிலேயே வேண்டாம் என்றார். காரணமும் சொன்னார். அவருடைய டிராக்டரிலிருந்து ஜிபிஎஸ் கருவியை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அறுப்பு முடிந்ததும் முயல் வேட்டைக்கென்று நாய்களோடு கூட்டமாக வருகிறவர்கள் வேறு, கேட்டை உடைத்து வயலுக்குள்ளே வண்டி ஓட்டுகிறார்கள், தடுக்கப் போனால் மிரட்டுகிறார்கள். "என் வயலில் எனக்குத் தெரியாத ஆள் யாரும் நிற்கக் கூடாது, அப்போதுதான் நிற்பவன் திருடன் என்று தெரியும்," என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? நியாயம்தான். நன்றி சொல்லிவிட்டு, எங்கள் பெயரும் நம்பரும் கார் நம்பரும் எழுதிய அட்டையைக் கொடுத்து, போகிற வழியில் எங்காவது சந்தேகமான வண்டி நின்றால் உங்களுக்குச் சொல்கிறோம் என்றோம். அட்டையை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்ற பிறகு ஒரு வார்த்தைகூட வற்புறுத்தக் கூடாது. அடுத்த பண்ணைக்காரர் இவருடைய மச்சானாக இருப்பார், நாம் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொரு இடத்தில் வயலை ஞாயிறுதோறும் கட்டணத் தேடல் நடத்தும் குழுவுக்கு விடுகிறார்களாம், தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஒரே நாளில் பெருங்கூட்டமாக இறங்குவார்கள். எனக்கு அந்த முறை பிடிக்காது. யார் என்ன எடுத்தார், எந்த மூலையில் எடுத்தார் என்று பதிவதற்கு ஆளில்லாமல் நூற்றாண்டுகளின் தடயம் ஒரு மதியத்தில் போய்விடும். ஆனால் நிலம் அவருடையது, வருமானமும் அவருக்குத் தேவை. மற்ற வீடுகளில் ஆளே இல்லை, எல்லோரும் வயலில். ஒரு அம்மா மட்டும் நல்ல வழி சொன்னார்: மழை பெய்கிற நாளில் வாருங்கள், இவர் கொட்டகையில்தான் இருப்பார்.

செவ்வாய், மழை

காலையிலிருந்து நல்ல மழை. நேற்று அந்த அம்மா சொன்னதுபோலவே எல்லாப் பண்ணையிலும் கொட்டகை திறந்திருக்கிறது, உள்ளே வெல்டிங் வெளிச்சம். அனுமதி கேட்கப் போகிறவர்கள் மழைநாளை விடாதீர்கள்.

அந்த அம்மா வீட்டுக்கே திரும்பப் போனோம். அவருடைய கணவர் எழுபதைத் தாண்டியவர், விதைப்புக் கருவியின் கொழுவைக் கழற்றி, தேய்ந்த முனைக்குப் பதில் புது முனை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசும்போது கையை நிறுத்தவில்லை. அண்ணன் கேட்காமலே போய் அந்த இரும்புச் சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: பெயர், ஊர், வேலை, இரண்டு பேர் மட்டும் வருவோம், வருமுன் போன் செய்வோம், தேசிய மெட்டல் டிடெக்டிங் கவுன்சிலில் உறுப்பினர்கள், அதில் ஒரு கோடி பவுண்டு வரை பொதுப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறது. புதையல் என்ற வார்த்தையை நான் முதலில் எடுப்பதில்லை. எடுத்தால் கேட்பவர் மனசு பணத்துக்குப் போய்விடும், அல்லது நம் மனசு அங்கே இருக்கிறது என்று அவர் நினைப்பார். இரண்டும் நல்லதில்லை.

அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் வேறு. குழியை மூடுவீர்களா? எவ்வளவு ஆழம்? ஆட்டுப் பட்டியில் போவீர்களா? கேட்டை எப்படி விட்டுவிட்டு வருவீர்கள்? கடைசிக் கேள்விக்கு, எப்படி இருந்ததோ அப்படியே, என்று பதில் சொன்னேன். திறந்திருந்த கேட்டை நல்லெண்ணத்தில் சாத்திவிட்டு வந்தால், தண்ணீர் குடிக்கப் போன மாடுகள் திரும்ப வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். ஆழத்துக்கு, உழவு போகிற ஆழத்தைத் தாண்டமாட்டோம், அதற்குக் கீழே ஏதாவது தெரிந்தால் நிறுத்திவிட்டுத் தொல்லியல் பிரிவைக் கூப்பிடுவோம் என்றேன். உழுது புரண்ட மேல்மண்ணில் இருப்பது ஏற்கெனவே இடம் மாறியது, கீழ்மண்ணில் இருப்பது வைத்த இடத்திலேயே இருப்பது. அதைக் கலைக்க நமக்குத் தகுதியில்லை. புல்தரையில் மூன்று பக்கம் வெட்டி ஒரு பக்கத்தை விட்டு மடித்துத் திறப்போம், மண்ணைத் துணியில் கொட்டித் திரும்பப் போட்டு மிதித்துவிடுவோம் என்று சொன்னதும் முதன்முறையாகக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவருடைய குதிரை ஒன்று யாரோ மூடாமல் போன குழியில் கால் இடறிவிட்டதாம்.

அப்புறம் சமையலறைக்குக் கூப்பிட்டார். மேலலமாரியிலிருந்து ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். அவரும் அவருடைய அப்பாவும் ஏரோட்டும்போது பொறுக்கியது. களிமண் புகைக்குழாயின் வெள்ளைத் துண்டுகள், ஈயத் துப்பாக்கிக் குண்டுகள், தட்டைப் பொத்தான்கள், ஒரு பக்கம் மழுங்கிய ஜார்ஜ் காலத்து அரைப் பென்னி. நடுவில் ஒரு வெண்கல மணி, நெல்லிக்காய் அளவு, கீழ்ப்பாதியில் இதழ் இதழாகச் செதுக்கு, மேலே கயிறு கோக்கக் காது, அடியில் பிளவு. ஆட்டுக்கோ குதிரைச் சேணத்துக்கோ கட்டுவது. உள்ளே இருந்த இரும்புக் குண்டு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது, குலுக்கினால் சத்தம் வரவில்லை. அண்ணன் அதைக் கையில் வாங்கி, செதுக்குகளுக்கு நடுவே இருந்த இரண்டு எழுத்துகளைக் காட்டினார், வார்த்த பட்டறைக்காரரின் முதலெழுத்துகள். இவ்வளவு வருடமும் அது அழுக்கு என்றே அவர் நினைத்திருந்தாராம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி என்றார். ஆனால் அவர் குத்தகைக்காரர். நிலம் ஒரு எஸ்டேட்டுடையது. குத்தகைக்காரர் சரி சொன்னது மட்டும் போதாது, உரிமையாளரும் சொல்ல வேண்டும், மண்ணிலிருந்து வருவதில் உரிமை அவருக்குத்தான். அதேபோல உரிமையாளர் சரி என்றுவிட்டார் என்று குத்தகைக்காரரின் பயிருக்குள் இறங்கவும் முடியாது. எஸ்டேட்டைக் கவனிக்கிற ஏஜென்ட்டின் முகவரியை அவரே எழுதிக் கொடுத்தார், தன் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள் என்றும் சொன்னார். எந்த வயலில் முனிசிபல் உரம் போட்டிருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டார். குப்பையிலிருந்து செய்கிற அந்த உரத்தோடு அலுமினியத் துணுக்குகள் கலந்து வரும், காலடிக்கு ஒரு சிக்னல் கத்தும், அந்த வயலில் தேடவே முடியாது.

புதன், ரெண்டல்ஷம், சட்டன் ஹூ

இன்று கதவு தட்டவில்லை. அண்ணன் என்னைக் கிழக்கே ரெண்டல்ஷம் கூட்டிப்போனார். லேசான மணல் மண், வழியெல்லாம் திறந்தவெளிப் பன்றிப் பண்ணைகள், நடைபாதையோரம் பன்றிகளுக்கு எதையும் போடாதீர்கள் என்ற பலகைகள்.

அனுமதியில்லாமல் இரவில் வந்து தோண்டுகிறவர்களை இங்கே இராப்பருந்துகள் என்பார்கள். ரெண்டல்ஷத்தில் ஒரு எஸ்டேட் வயல்களில் அப்படித் தொடர்ந்து திருட்டு நடந்தது. உரிமையாளர் மாவட்டத் தொல்லியல் பிரிவிடம் போனார். 2008இல் அவர்கள் நான்கு டிடெக்டர்காரர்களைச் சேர்த்துக்கொண்டு முறையான ஆய்வைத் தொடங்கினார்கள். அந்த நான்கு பேரும் வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் வரிசை வரிசையாக நடந்து, கிடைத்த ஒவ்வொன்றின் இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்தார்கள். கிட்டத்தட்ட 150 ஹெக்டேர். தங்கக் காசு, தங்க நகைத் துண்டு, எடைக்கற்கள், உருக்கிய உலோகச் சிதறல் எல்லாம் வந்தன. 731இல் எழுதி முடித்த தன் வரலாற்றில் பீட் என்ற துறவி, ரெண்டல்ஷம் கிழக்கு ஆங்கிலேய அரசரின் ஊர் என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தார். அந்த அரசிருக்கை எங்கே என்பதை இந்த ஆய்வுதான் காட்டியது. அப்புறம் அகழாய்வும் நடந்து, பெரிய மாளிகையின் தடமும் கிடைத்தது.

அந்த இராத்திரித் திருடர்கள் எடுத்துப் போனவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. அவற்றுக்கு இனி ஊரும் இல்லை, வயலும் இல்லை. அதே மண்ணில், அதே வகைக் கருவியோடு நடந்த நான்கு பேரின் வேலையால் ஒரு நாட்டின் வரலாற்றில் ஒரு பக்கம் நிரம்பியது. இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஹியர்ஃபர்ட்ஷரில் 2015இல் இரண்டு பேர் வைக்கிங் காலத்துப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்து, நிலத்துக்காரருக்கும் அதிகாரிகளுக்கும் சொல்லாமல் விற்றார்கள். முந்நூறு வரை இருந்திருக்கலாம் என்று கணித்த காசுகளில் அப்போது மீண்டது 31. 2019இல் இருவரும் சிறைக்குப் போனார்கள். சொல்லியிருந்தால் சட்டப்படியே பெரும் பணம் கிடைத்திருக்கும். நேற்று முன்தினம் எங்களைத் திருப்பியனுப்பிய விவசாயியின் முகத்தில் இருந்த சந்தேகத்தை உண்டாக்கியவர்கள் இந்த மாதிரி ஆட்கள்தான்.

மதியம் சட்டன் ஹூ. 1938இல் எடித் பிரெட்டி என்ற நிலத்துக்கார அம்மா, தன் வீட்டுக்கெதிரே இருந்த மேடுகளில் என்ன இருக்கிறது என்று பார்க்க பேசில் பிரவுனை வேலைக்கு வைத்தார். 1939இல் 27 மீட்டர் நீளக் கப்பலின் தடமும் அரச ஈமப் பொருள்களும் வெளிவந்தன. ஆகஸ்டில் சட்டன் கிராம மண்டபத்தில் கரோனர் (புதையல் யாருக்கு என்பதையும் விசாரிக்கும் அதிகாரி) முன் விசாரணை நடந்து, எல்லாம் அந்த அம்மாவுக்கே சொந்தம் என்று ஜூரி சொன்னது. அத்தனையையும் அவர் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். இப்போது இடம் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனத்திடம் இருக்கிறது, அவர்கள் நிலத்தில் பொழுதுபோக்குக்கு டிடெக்டர் எடுக்க அனுமதியில்லை. மேடுகளைச் சுற்றி நடந்துவிட்டு உட்பிரிட்ஜில் மீனும் சிப்ஸும் சாப்பிட்டோம்.

வியாழன், டெபனம் பக்கம்

செவ்வாய்க்கிழமைப் பெரியவர் போன் செய்து சொல்லியிருந்ததால் இன்று போன வீட்டில் எங்களை எதிர்பார்த்திருந்தார்கள். கணவர் இறந்த பிறகு நிலத்தைத் தானே பார்க்கிற அம்மா. விதைப்பு, அறுப்பு மட்டும் ஒப்பந்தக்காரர் செய்கிறார். நிலம் சொந்தம், குத்தகை இல்லை. டீ வந்தது, பழைய நிலவரைபடம் மேஜையில் விரிந்தது, அதில் ஒவ்வொரு வயலுக்கும் பெயர் எழுதியிருந்தது. டோவ்ஹவுஸ் மெடோ என்ற பெயரைப் பார்த்ததும் அண்ணன் என் காலை மேஜைக்கடியில் தட்டினார். புறாக்கூடு வைத்திருந்த இடமென்றால் பக்கத்தில் வசதியான பழைய வீடு இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

அந்த அம்மா நேராகவே கேட்டார்: கிடைப்பது யாருக்கு? இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லத் தெரியாவிட்டால் வாசலேறவே கூடாது என்பது என் கருத்து. புதையல் என்று சட்டம் சொல்லாத எல்லாமே நிலத்துக்காரருடையது, ஒற்றைக் காசு, பொத்தான், கொக்கி எல்லாம். நாம் எடுத்துப்போவது அவர் கொடுத்தால் மட்டும். புதையல் என்றால் என்ன என்பதற்குக் கணக்கு இருக்கிறது: 300 வருடத்துக்கு மேற்பட்ட, எடையில் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ இருக்கும் பொருள், அதே பழமையுள்ள காசு என்றால் ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தங்க, வெள்ளிக் காசுகள், செம்பு, வெண்கலக் காசென்றால் பத்து. 2023 ஜூலை முதல், 200 வருடத்துக்கு மேற்பட்டு, வரலாற்று முக்கியத்துவம் தனித்துவமாக இருக்கும் உலோகப் பொருளையும் சேர்த்திருக்கிறார்கள். அப்படி எதுவும் வந்தால் 14 நாளுக்குள் கரோனருக்குச் சொல்ல வேண்டும். மியூசியம் வாங்க விரும்பினால் மதிப்புப் போட்டுப் பணம் தரும், வழக்கமாக நிலத்துக்காரருக்குப் பாதி, கண்டெடுத்தவருக்குப் பாதி. அனுமதியில்லாமல் நுழைந்தவனுக்கு ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

நம் நாட்டில் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, அதில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், வேறு உரிமைக்காரர் யாரும் இல்லாமல் போனால் கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று சொன்னேன். அந்த அம்மாவுக்கு அது சுவாரசியமாக இருந்தது. உங்கள் ஊரில் நிலத்துக்காரர்கள் பாவம் என்றார்.

பிறகு ஒப்பந்தத் தாளை எடுத்து வைத்தேன், இரண்டு பக்கம்தான். எந்தெந்த வயல் என்று வரைபடத்தோடு, எந்தத் தேதி வரை, யார் யார், என்ன கிடைத்தாலும் அன்று கிளம்புமுன் அவரிடம் காட்டுவது, புதையல் பரிசு சரிபாதி, மற்றவை அவர் முடிவு, எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் அனுமதியை நிறுத்தலாம். நண்பர்களாகத்தானே பழகுகிறோம், தாள் எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்டாஃபர்ட்ஷர் புதையலுக்கு 32.85 லட்சம் பவுண்டு வந்து, கண்டவரும் விவசாயியும் பாதிப் பாதி வாங்கினார்கள். அவ்வளவு பணம் இரண்டு வீட்டுக்குள் நுழையும் நாளில் வாய்ப்பேச்சை யார் எப்படி ஞாபகம் வைத்திருப்பார்கள்? நட்பைக் காப்பாற்றவே தாள் வேண்டும்.

அவர் நிதானமாகப் படித்து, ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மேல்புற வயலின் மூலையில் போர்க்காலத்தில் ஒரு விமானம் விழுந்ததாக அவருடைய மாமனார் சொல்வாராம், அந்த மூலைக்குப் போகக் கூடாது. ராணுவ விமானம் விழுந்த இடத்தைத் தொடுவதற்கு 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும், அதை நாங்களே சொல்லியிருப்போம். ஆனால் அவர் சொன்ன காரணம் சட்டம் இல்லை. அதில் இருந்த பையன்கள் வீட்டுக்குப் போகவில்லை என்றார். வரைபடத்தில் அந்த மூலையைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

வெள்ளி, பரி செயின்ட் எட்மண்ட்ஸ்

மாவட்டத் தொல்லியல் பிரிவு இந்த ஊரில்தான் இருக்கிறது, கண்டெடுத்ததைப் பதிவு செய்யும் தொடர்பு அலுவலரும் இவர்களோடுதான். 1997இல் தொடங்கிய தொல்பொருள் பதிவுத் திட்டம் இது, பிரிட்டிஷ் மியூசியத்தின் கீழ் நடக்கிறது, பதினைந்து லட்சத்துக்கு மேல் பொருள்கள் பதிவாகிவிட்டன. முன்னாடியே நேரம் வாங்கியிருந்தோம். எந்தப் பண்ணை, எந்த வயல் என்று சொல்லி, இடத்தை எத்தனை இலக்க வரைபடக் கட்ட எண்ணில் குறிக்க வேண்டும், ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு என்ன எழுத வேண்டும், எதையும் கழுவக் கூடாது என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டோம். பொதுமக்கள் பார்வைக்கு இடத்தின் துல்லியமான எண்ணைக் காட்டமாட்டார்கள், அதை டெபனம் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். இராத்திரி ஆட்கள் வந்துவிடுவார்களோ என்று அவர் நேற்று இரண்டு தடவை கேட்டிருந்தார்.

ஒப்பந்தக்காரர் அக்டோபர் இரண்டாம் வாரம் விதைக்கிறார், அதுவரை எங்களுக்கு நேரம். நாளைக் காலை எட்டு மணிக்கு டோவ்ஹவுஸ் மெடோவில் தொடங்குகிறோம், அந்த அம்மாவும் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். எஸ்டேட் ஏஜென்ட்டுக்கு மதியம் தபாலும் மின்னஞ்சலும் அனுப்பினேன், பெரியவரின் பெயரைக் குறிப்பிட்டு, ஒரே பக்கத்தில். சாயந்திரத்துக்குள் பதில் வந்துவிட்டது: காப்பீட்டுச் சான்று, வயல்களைக் குறித்த வரைபடம், அந்த நிலத்தில் சுற்றுச்சூழல் மானியத் திட்டத்தின் நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று பார்த்த விவரம், இவற்றை அனுப்புங்கள், உரிமையாளரிடம் வைக்கிறோம். வரைபடத்தை அண்ணன் இப்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார், முனிசிபல் உரம் போட்ட வயலை விட்டுவிட்டு.